எக்மோ: இரண்டு குமிழ், இரண்டு நிறம்

கேள்வி இது: ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, வென்டிலேட்டரிலும் ஆக்சிஜன் ஏறாத நாற்பது வயதுக்காரருக்கு எக்மோ (ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின்) வைக்கலாம் என்கிறார்கள். அந்த மெஷின் உண்மையில் என்ன செய்கிறது? வைத்த பிறகும் சேச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பியிருக்கும் அளவு, திரையில் 88 விழுக்காடு என்றே காட்டினால் அது வேலை செய்யவில்லை என்று பொருளா? எதில் தவறிப்போகும்?

தமிழ்நாட்டில் எக்மோ என்ற சொல் வீடுவீடாகப் போனது இரண்டு முறை. 2016 டிசம்பர் 4 மாலை ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோது ஒரு முறை. 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனாவால் சென்னையில் வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தபோது மறுமுறை. இரண்டும் துக்கத்தில் முடிந்ததால் 'எக்மோ வைத்தால் அவ்வளவுதான்' என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். கணக்கு அப்படி இல்லை, கீழே சொல்கிறேன். அதற்கு முன், அந்த இரண்டும் ஒரே சிகிச்சை அல்ல என்பது தெரிய வேண்டும். இதயம் நின்றவருக்கு வைப்பது சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தமனிக்குள் தள்ளும். நுரையீரல் வேலையோடு இதயத்தின் வேலையையும் அதுவே செய்யும். ஐசியுவில் இதை 'வி.ஏ.' என்பார்கள். நிமோனியாக்காரருக்கு வைப்பது சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே திருப்பித் தரும், 'வி.வி.' ரகம். இதில் இதயத்துக்கு எந்த உதவியும் கிடையாது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புவது நோயாளியின் சொந்த இதயம்தான். வைரஸ் நிமோனியாவில் பெரும்பாலும் பேசப்படுவது இந்த வி.வி. என்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

தொடை இடுக்கில் உள்ள பெரிய சிரை வழியாக ஒரு குழாய் ஏற்றுவார்கள். அதன் பெயர் கேனுலா. தடிமனை 'ஃபிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23 முதல் 29 ஃபிரெஞ்ச் வரை போடுவது வழக்கம். 25 என்றால் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய பென்சில் பருமன். அதன் நுனி இதயத்தின் வலது மேலறைக்குச் சற்றுக் கீழே நிற்கும். அங்கிருந்து கருஞ்சிவப்பு ரத்தத்தை ஒரு சுழல் பம்ப் இழுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும் அந்தப் பம்ப், ரத்தத்தை ஆக்சிஜனேட்டர் என்ற பெட்டிக்குள் தள்ளுகிறது. பெட்டிக்குள் தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற இழைகள் இருக்கின்றன. இழைக்குள் வாயு, இழைக்கு வெளியே ரத்தம். வெளியேறும் ரத்தம் பளிச்சென்ற செந்நிறத்தில் கழுத்தின் வலது பக்கச் சிரை வழியாக, 17 முதல் 21 ஃபிரெஞ்ச் கேனுலாவில், திரும்பப் போகும். ரத்தம் குளிர்ந்துவிடாமல் இருக்க ஒரு வெந்நீர்ச் சுற்றும் கூடவே ஓடும்.

இந்தக் கருவியில் உண்மையில் திருகுவதற்கு இருப்பவை இரண்டே இரண்டு குமிழ்கள். ஒன்று, ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது. இன்னொன்று, இழைகளுக்குள் வாயு எவ்வளவு ஓடுகிறது. இதை 'ஸ்வீப்' என்பார்கள். ஆக்சிஜன் வேண்டுமென்றால் ரத்த ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குறைய வேண்டுமென்றால் ஸ்வீப்பைக் கூட்ட வேண்டும். இதைக் குழப்பிக்கொள்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. காரணம் எளிது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; அது நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு வாயு விட்டாலும் ஏறாது, புதிய ரத்தம் வந்தால்தான் உண்டு. கார்பன் டை ஆக்சைடோ ரத்தத்தில் ஏராளமாகக் கரைந்திருக்கிறது, எளிதில் வெளியேறும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ரத்தத்திலிருந்தே உடம்பு அந்த நிமிடத்தில் உண்டாக்கிய அத்தனையையும் கழுவி எடுத்துவிடலாம்.

88 என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். எக்மோ ஓட்டம் நிமிடத்துக்கு 4.5 லிட்டர், இதயம் தள்ளுவது 7 லிட்டர். அப்படியானால் 4.5 லிட்டர் ஆக்சிஜன் நிரம்பிய ரத்தம், 100 விழுக்காடு. மிச்சமுள்ள 2.5 லிட்டர் கேனுலாவில் மாட்டாமல் தப்பிச் சென்ற கறுத்த ரத்தம், 65 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் நுரையீரல் இப்போது நனைந்த பஞ்சு. அது எதையும் சேர்க்கப்போவதில்லை. இரண்டும் கலந்தால் வருவது 87.5. அதாவது மெஷின் கச்சிதமாக வேலை செய்யும்போதே திரையில் 88 தான் வரும். 85க்கு மேல் இருந்து, லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) ஏறாமல், சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் ஐசியு குழு அதைத் தொடாது. உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நொந்துபோவதைத் தடுக்க, இந்தக் கணக்கை முதல் நாளே ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிவிடுவது நல்லது.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். இந்த நோயாளிக்கு நடுங்கிக் காய்ச்சல் வந்து, இதயம் 10 லிட்டர் தள்ள ஆரம்பித்தால்? எக்மோ அதே 4.5 தான். தப்பிப்போவது 5.5. கலவை 81க்கு இறங்கும். மெஷினில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் எண் சரிந்துவிட்டது. அப்போது செய்ய வேண்டியது பம்பைக் கண்மண் தெரியாமல் முடுக்குவதல்ல. காய்ச்சலையும் நடுக்கத்தையும் அடக்குவது, மயக்க மருந்தைச் சரிசெய்வது, வெந்நீர்ச் சுற்றின் சூட்டைக் கொஞ்சம் குறைப்பது. ஹீமோகுளோபினும் இதே கணக்குக்குள் வருகிறது. 10 கிராம் இருந்தால் 4.5 லிட்டர் ஓட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 265 மி.லி. ஆக்சிஜன் ஏறும், படுத்திருக்கும் பெரியவருக்கு அது போதும். 7 கிராம் என்றால் 200 மி.லி.யை ஒட்டித்தான் ஏறும். ரத்தம் ஏற்றலாமா வேண்டாமா என்ற விவாதம் இங்கேதான் பிறக்கிறது. 7 இருந்தால் போதும் என்று விடுபவர்களும் உண்டு. என் கருத்தில், சேச்சுரேஷன் 85க்குக் கீழே தவிக்கும் ஆளிடம் 7ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது சிக்கனம் ஆகாது.

எக்மோ வைரஸைக் கொல்வதில்லை, நுரையீரலை ஆற்றுவதும் இல்லை. அது தரும் பெரிய நன்மை, வென்டிலேட்டரைத் தணிக்க விடுவது. வீங்கி இறுகிப்போன நுரையீரலுக்குள் உயர் அழுத்தத்தில் காற்றைத் திணித்தால், மிச்சம் நல்லபடியாக இருக்கும் சிறு பகுதியும் கிழியும். எக்மோ ஓடத் தொடங்கியதும் ஒரு மூச்சின் அளவை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 4 மி.லி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவார்கள். உச்ச அழுத்தம் 25 செ.மீ. நீர் அளவைத் தாண்டாது. மூச்சு நிமிடத்துக்குப் பத்து போதும். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மூச்சின் கடைசியில் 10 முதல் 15 வரை அழுத்தம் விட்டுவைப்பார்கள். எக்மோ வைத்த பிறகும் வென்டிலேட்டரைப் பழையபடியே ஓட்டினால், கேனுலா போட்ட அபாயம் மட்டும் மிஞ்சும். பலன் கைக்கு வராது.

எப்போது வைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் முக்கியமானது குப்புறப் படுக்க வைப்பது, ஒரு தடவைக்கு 16 மணி நேரம் போல. 2013இல் பிரான்ஸில் நடந்த ஆய்வில் இது ஒன்றே 28 நாள் மரணத்தை ஏறக்குறைய 33 விழுக்காட்டிலிருந்து 16 ஆக இறக்கியது. செலவு இல்லை, நான்கைந்து பேர் கை கொடுத்தால் போதும். குப்புறப் போடாமலே எக்மோ பேச்சை எடுக்கும் இடத்தில், ஏன் போடவில்லை என்று கேட்கலாம். அதற்குப் பிறகும் ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை மூச்சுக் காற்றின் ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் வரும் எண் 50க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது 80க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் நின்றால் எக்மோவுக்கு வேளை வந்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தொட்டு ரத்தத்தின் பிஹெச் 7.25க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலும் அப்படியே. 2018இல் வெளியான எயோலியா ஆய்வு வைத்திருந்த கோடுகள் இவை. மறுபக்கம் ஒரு கடிகாரம் ஓடுகிறது: உயர் அழுத்தத்தில் ஏழு நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்துவிட்டவருக்குப் பலன் நன்றாகவே குறைகிறது. மூளையில் ரத்தக்கசிவு, திரும்ப வழியில்லாத வேறு நோய், மிக முதிய வயது இருந்தால் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள்.

பலன் எவ்வளவு? எயோலியாவில் 249 பேர். 60 நாளில் எக்மோ பக்கம் இறந்தவர்கள் 35 விழுக்காடு, மறுபக்கம், அதாவது வென்டிலேட்டரோடு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில், 46. புள்ளியியல் கோட்டை அது மயிரிழையில் தாண்டவில்லை. ஆனால் மறுபக்கத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் நிலைமை மோசமாகி எக்மோவுக்கே மாற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஆய்வைப் படிக்க வேண்டும். 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எக்மோ வைத்த 68 பேரில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் பிழைத்தார்கள். பலர் இளையவர்கள், கர்ப்பிணிகளும் இருந்தார்கள். கொரோனாவின் முதல் சில மாதங்களில் உலக அளவில் பதிவான 1,035 பேரில் மரணம் நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. பிந்திய மாதங்களில் அது ஐம்பதைத் தாண்டியது. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் கேட்காமல் பல நாள் தள்ளாடியவர்களே எக்மோவுக்கு வந்து சேர்ந்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆக, ஃப்ளூவில் சீக்கிரம் வைத்த நாற்பது வயதுக்காரருக்கு வாய்ப்பு பாதிக்கு மேல்.

இனி எங்கே தவறும். எக்மோ படுக்கையருகே நிற்கும் நர்ஸும் பெர்ஃபியூஷனிஸ்டும் (இந்த மெஷினை இயக்கும் வல்லுநர்) முதலில் பார்ப்பது திரையை அல்ல, குழாயின் நிறத்தை. ஆக்சிஜனேட்டருக்கு முன்னால் கறுப்பு, பின்னால் பளிச். இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் ஆக்சிஜன் ஏறவில்லை. அப்போது சிக்கலான காரணம் தேடுவதற்கு முன் சுவர் இணைப்பிலிருந்து பெட்டி வரை வாயுக் குழாயைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் வழியில் சிலிண்டர் தீர்ந்திருக்கும், அல்லது கட்டிலை நகர்த்தியபோது குழாய் கழன்றிருக்கும். அது சரி என்றால் இழைகளுக்குள் நீராவி தேங்கியிருக்கலாம். ஸ்வீப்பைச் சில நொடிகள் 10 லிட்டருக்கு ஏற்றி ஊதி இறக்கினால் கீழே நீர் சொட்டிப் போகும். அதுவும் இல்லையென்றால் பெட்டியே ரத்தக்கட்டியால் அடைபட்டு வருகிறது. டார்ச் அடித்தால் மூலைகளில் கருந்திட்டும் வெண்ணிற நூல் போன்ற படிவும் தெரியும். பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மணிக்கு மணி ஏறும். முழு ஆக்சிஜன் விட்டும் பெட்டியிலிருந்து வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. நடு இரவில் பதறி மாற்றுவதைவிடப் பகலில் திட்டமிட்டு மாற்றுவது மேல்.

இன்னொரு காட்சி: குழாய் திடீரென்று படுக்கை மேல் பாம்பு போலத் துள்ள ஆரம்பிக்கும், ரத்த ஓட்டத்தின் எண் ஏறி இறங்கும். சிரைக்குள் போதிய ரத்தம் இல்லாமல் பம்ப் சிரைச் சுவரையே கேனுலாவின் துளை மேல் இழுக்கிறது. இங்கே எல்லோருடைய கையும் இயல்பாகச் சுற்றைக் கூட்டத்தான் போகும். அது நேர் எதிரான தவறு. இழுப்பு கூடினால் அடைப்பு இறுகும், சிவப்பணுக்களும் உடையும். சுற்றைக் குறைத்தால் துள்ளல் நிற்கும், சில சமயம் ஓட்டம் கூடவே செய்யும். பிறகு ஏன் என்று பார்க்கலாம்: இருமுகிறாரா, கால் மடங்கியிருக்கிறதா, ரத்தம் எங்காவது கசிகிறதா, நெஞ்சறையில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டதா. காரணம் தெரியாமல் ஒவ்வொரு துள்ளலுக்கும் சலைன் பாட்டில் தொங்கவிட்டால், மூன்றாம் நாள் நுரையீரல் முன்னைவிட நனைந்திருக்கும்.

மூன்றாவது, மறுசுழற்சி. இரண்டு கேனுலாக்களின் நுனிகளும் நெருங்கிவிட்டால், ஆக்சிஜன் ஏற்றி அனுப்பிய ரத்தத்தையே மறு கேனுலா உறிஞ்சிக்கொள்ளும். கறுத்திருக்க வேண்டிய குழாய் சிவந்துவரும், நோயாளியின் சேச்சுரேஷன் இறங்கும். ஓட்டத்தைக் கூட்டக் கூட நிலைமை கெடும் என்பது இதன் அடையாளம். எக்ஸ்ரேயும் எக்கோவும் பார்த்துக் கேனுலாவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துத் தைத்தால் தீரும்.

உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இவை அல்ல, ரத்தக்கசிவும் தொற்றும்தான். பிளாஸ்டிக்கில் ரத்தம் உறையாமல் இருக்க, கேனுலா போடும்போது கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, பிறகு சொட்டாக ஓட்டுவார்கள். அதோடு பம்பின் உராய்வு, ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தைச் சிதைக்கிறது, பிளேட்லெட்டும் குறைகிறது. மூக்கில் ஒரு டியூப் மாற்றினால்கூட மணிக்கணக்கில் ரத்தம் வழியும். எனவே சாதாரண நோயாளிக்கு யோசிக்காமல் செய்யும் ஊசி, டியூப், உறிஞ்சல் எல்லாவற்றையும் இங்கே இரண்டு முறை யோசிக்க வேண்டும். வி.வி.யில் ஒரு சௌகரியம் உண்டு: ஓட்டம் வேகமாக இருந்தால் ஹெப்பாரினைச் சில நாள் முழுதாக நிறுத்திவைத்தும் ஓட்டலாம். பெட்டி அடைத்தால் புதுப் பெட்டி வாங்கலாம். மூளையில் கசிந்தால் என்ன செய்வது? அந்த மூளைக் கசிவுக்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. பல நாளாக உயர்ந்திருந்த கார்பன் டை ஆக்சைடை முதல் மணிகளிலேயே பாதிக்குக் கீழே இறக்கிவிடுவதோடு அது தொடர்புபடுகிறது. ஸ்வீப்பை 2 லிட்டர் போலத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது அதனால்தான்.

காய்ச்சலைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. வெந்நீர்ச் சுற்று ரத்தத்தை 37 டிகிரியில் பிடித்து வைப்பதால் தொற்று வந்தாலும் பல சமயம் தெர்மாமீட்டர் காட்டாது. வெள்ளணு, ரத்த அழுத்த மருந்தின் தேவை, சளியின் நிறம் என்று வேறு தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். ஃபென்டனில், மிடாசோலம் போன்ற மருந்துகள் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதால் மயக்க மருந்து வழக்கத்தைவிட அதிகம் பிடிக்கும்.

சில வைரஸ்கள் இதயத்தையும் அடிக்கும். அமெரிக்காவில் 1993இல் தென்மேற்கு மாநிலங்களில் கண்டறியப்பட்ட ஹான்டா வைரஸ் நோயில் நுரையீரலில் நீர் கோத்து, இதயமும் சில மணி நேரத்தில் கைவிடும். அங்கே வி.வி. பயன்படாது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழக மருத்துவமனை இவர்களுக்கு வி.ஏ. வைத்து, பிழைக்க வழியே இல்லை என்று கருதப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கைக் காப்பாற்றியிருக்கிறது. ஃப்ளூவில் இதயத்தசை வீங்கினாலும் வி.ஏ. தான். தொடை வழி வி.ஏ.யில் ஒரு பொறி இருக்கிறது: நல்ல ரத்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது; இதயம் தேறி வலுவாகத் தள்ளத் தொடங்கினால், கெட்ட நுரையீரலிலிருந்து வரும் கறுத்த ரத்தம் மூளைக்குப் போகும். காலில் 100 காட்டும், மூளைக்கோ ஆக்சிஜன் போதாது. அதனால் வி.ஏ. நோயாளிக்கு சேச்சுரேஷன் கிளிப்பையும் தமனி ஊசியையும், மூளைக்குப் போகும் அதே ரத்தம் வந்து சேரும் வலது கையில் வைக்க வேண்டும். கால் தமனியைக் கேனுலா அடைத்துக்கொள்வதால், அந்தக் காலுக்கென்று 6 முதல் 8 ஃபிரெஞ்ச் சிறு குழாய் ஒன்றும் கீழ்நோக்கிப் போடுவார்கள். பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று மணிக்கொரு முறை தொட்டுப் பார்ப்பது இதற்காகவே.

வைக்கும் இடமும் கணக்கில் சேர வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது இருபது பேருக்காவது எக்மோ வைக்கும் மையங்களில் பலன் மேல் என்பது வல்லுநர்களிடையே பொதுவான கருத்து. சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சென்ற வருடம் எத்தனை பேருக்கு வைத்தீர்கள், இரவில் எக்மோ தெரிந்த ஆள் படுக்கையருகே இருப்பாரா, மாற்றுப் பெட்டி கையிருப்பில் இருக்கிறதா. தனியார் மருத்துவமனையில் குழாய்ச் செட்டுக்கும் முதல் நாளுக்கும் மட்டுமே லட்சங்களில் போகும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறும். பத்து நாளில் முடியலாம், ஐந்து வாரமும் ஆகலாம். பணம் எந்த நாள் வரை தாங்கும் என்று வீட்டில் முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது கல்நெஞ்சம் ஆகாது. எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வதும் அப்படித்தான்.

தேறுகிறார் என்பதற்கு முதல் அடையாளம் எக்ஸ்ரேயில் வராது. வென்டிலேட்டர் அழுத்தம் அதே 25 தான், ஆனால் ஒரு மூச்சில் 150 மி.லி. போய்க்கொண்டிருந்த இடத்தில் 280, 300 என்று போக ஆரம்பிக்கும். நுரையீரல் இளகுகிறது. கழற்றிப் பார்க்கும் முறை வி.வி.யில் மிக எளிது: ரத்த ஓட்டத்தைத் தொட வேண்டாம், ஸ்வீப்பைப் படிப்படியாகக் குறைத்து மூடிவிட வேண்டும். ரத்தம் பெட்டி வழியாகச் சும்மா சுற்றும், இரண்டு குழாயும் ஒரே கறுப்பாக ஓடும். இந்த முறை அது பதற வேண்டிய நிறம் அல்ல. வென்டிலேட்டர் ஆக்சிஜன் 50, 60 விழுக்காட்டுக்குள், சாதாரண மூச்சளவில், பெருமூச்சு வாங்காமல் 12 முதல் 24 மணி நேரம் தாக்குப்பிடித்தால் கேனுலாவை எடுக்கலாம். எடுத்த இடத்தில் ஒரு தையல், அரை மணி நேர அழுத்தம். மறுநாள் கழுத்து, தொடைச் சிரைகளுக்கு டாப்ளர் ஸ்கேன் கட்டாயம் எடுக்க வேண்டும். கேனுலா கிடந்த சிரையில் ரத்தக்கட்டி பலருக்கு இருக்கும், இருந்தால் மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும்.